புரட்டாசி, ஆயர் ஈத்தாம், மலேசியா

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்
புரட்டாசி பிறந்துவிட்டது. அம்மா விடிவதற்குள் மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவி மேல்தட்டில் கவிழ்த்துவிட்டார். தம்பி அறையைவிட்டு வரவில்லை. பசியாற வைத்த நாலு இட்லியில் மூன்று அப்படியே திரும்பி வந்தது.

செப்டம்பர் 18
தம்பியின் மனச்சோர்வு மாத்திரை, மீதி 22.

செப்டம்பர் 21, முதல் சனி
கோயில் முடிந்து பாசார். வல்லாரை, சிறகவரை, தெம்பே, சாயோர் மானிஸ் கீரை இரண்டு கட்டு. காம்பைப் பிடித்து உருவினால் இலை சரசரவென்று கையோடு வந்துவிடுகிறது. கசக்கிப் பிழிந்ததில் நகக்கண்ணெல்லாம் பச்சை. மதியம் பருப்போடு கடைந்து கொடுத்தேன். பாதித் தட்டு.

செப்டம்பர் 24
ராத்திரி தூக்கம் இல்லை, படித்துக்கொண்டே கிடந்தேன். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு. மனச்சோர்வில் இருந்த 67 பேர். 33 பேருக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற 34 பேரோடு உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருந்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் சாப்பாட்டுப் பக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மீண்டிருக்கிறார். பேச்சுத்துணைப் பக்கம் நூற்றுக்கு 8 பேர்தான். காய்கறி, பழம், பயறு, கொட்டைகள், ஆலிவ் எண்ணெய், மீனும் உண்டு. கீரையின் நார் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றனவாம். குடல் சுவருக்கு அதுதான் தீனி.

அந்த 33 பேரில் ஒருவனாகத் தம்பியை உட்காரவைத்துப் பார்த்தேன். விடியும்வரை அதே நினைப்பு.

காலையில் அம்மாவிடம் சொன்னபோது எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு! “அதானே, எங்க பாட்டி காலத்துல மாத்திரையா இருந்துச்சு?”

மாத்திரை 16.

செப்டம்பர் 27
நாலு இட்லியும் சாப்பிட்டான். தட்டில் சட்னியை வழித்த விரல் தடம்.

செப்டம்பர் 30
10 இருக்க வேண்டும். 14 இருக்கிறது. இரண்டு தடவை எண்ணினேன், கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினேன்.

நாலு ராத்திரி போடவில்லை. கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அம்மாதான் வேணாம்னாங்க. கீரை வேலை செய்யுதாம்ல, நீதான் படிச்சியாம்.”

நான்தான் படித்தேன். அந்த 67 பேரில் பெரும்பாலோர் மருந்தோ ஆலோசனையோ எடுத்துக்கொண்டேதான் அதில் சேர்ந்தார்கள் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாரே, அதனால் சொல்லவில்லை.

அக்டோபர் 1
டாக்டர் கோபப்படவில்லை. இன்றிரவே மறுபடி தொடங்கச் சொன்னார், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம் என்றார். கீரை நல்லது, நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார். வைட்டமின் பி12 பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அது செடிகொடியில் கிடைக்காது, குறைந்தாலும் மனசு சோர்ந்துபோகும். முப்பது வருஷமாகச் சைவமாக இருக்கும் பெரியம்மாவுக்கும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை.

அக்டோபர் 5, மூன்றாம் சனி
சைவக் கடையில் சாப்பாடு. எண்ணெயில் பொரித்த கோதுமைப் பசைக் ‘கோழி’, வெள்ளைச் சோறு, சிரப் தண்ணீர். ஒரு கரண்டி காய் இல்லை. இதுவும் விரதம்தான். மனசுக்கு என்ன தரும் இது?

அக்டோபர் 9
சமைக்கவில்லை. மழை. ரொட்டி சனாய் வாங்கி வந்தேன், மூவரும் ஆளுக்கொரு மூலையில்.

அக்டோபர் 13
2019-இல் வந்த இன்னொரு ஆய்வு. ஐரோப்பாவில் நாலு நாடு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஒரு வருஷம். உடல் பருமனும் லேசான மனச்சோர்வு அறிகுறிகளும் இருந்தவர்கள். சத்து மாத்திரையும் சாப்பாட்டு ஆலோசனையும் நோய் வராமல் தடுக்கவில்லை. அன்றைக்கே இதையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். இந்தத் தடவை அம்மாவை உட்காரவைத்து முழுதும் சொன்னேன். “அப்ப கீரை வேணாமா?” என்றார். வேண்டும் அம்மா. வேண்டும். அந்தக் கேள்வியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அக்டோபர் 19
புரட்டாசி முடிந்தது. மீன் சட்டி இறங்கியது. கெம்போங் மீன் குழம்பு, முருங்கைக்கீரை. கீரையைப் பேப்பரில் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த தம்பி உட்கார்ந்து இரண்டு கொத்து உருவினான். பழுத்த இலையைத் தனியாக ஒதுக்கினான். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

ராத்திரி ஒன்பதுக்கு அம்மாவே செம்பில் தண்ணீரும் உள்ளங்கையில் மாத்திரையுமாக அவன் அறைக்குப் போனார்.

அக்டோபர் 21
ரத்த முடிவு நாளைக்கு. முக்கால் தட்டு.