1437-ல 6

ஆகஸ்ட் 8, 2024, வியாழன்

சாயங்காலம் 4.43. லேப்ல இருந்தேன், பம்புலதான் ஏதோ அதிர்வுன்னு நெனச்சேன், அப்புறம் பாத்தா தரையே மெதுவா அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போயிட்டு வருது. வெடுக்குன்னு இல்ல, நிதானமா, ரொம்ப நேரம். இப்படி நீளமா ஆடுனா தூரத்துல எங்கயோ பெருசா நடந்துருக்குன்னு அர்த்தம். ஹீட்டர ஆஃப் பண்ணி ஹூட் (வாயுவ வெளிய இழுக்குற அலமாரி) கண்ணாடிய கீழ இறக்கிட்டு மேசைக்கு அடியில போயாச்சு, கை கால் எல்லாம் தானாவே செஞ்சுச்சு, வருஷா வருஷம் டிரில்லுல சிரிச்சுக்கிட்டே பண்ணதுதான்.

மேசைக்கு அடியில உக்காந்தா நேரா நைட்ரஜன் சிலிண்டர்தான் தெரியுது. மேல் செயின் இருக்கு. கீழ் செயின் இல்ல, ஸ்டாண்டு மாத்துனப்போ கழட்டுனது திரும்ப மாட்டவே இல்ல.

ஜப்பான்ல மியாசாகி பக்கம் கடலுக்குள்ள, ஹியூகா நாடாங்கற எடத்துல நிலநடுக்கம். 7.1. நிச்சினான்ல ஷிந்தோ, அதாவது ஆட்டத்தோட ஜப்பான் அளவு, 6-ல கீழ் படி. எங்க கோச்சி கடற்கரைக்கும் சுனாமி எச்சரிக்கை, ஒரு மீட்டர்னு போட்டான். நாங்க மலைப்பக்கம், தண்ணி இங்க வராது. ஆனா தம்பி டவுன்ல இருக்கான்.

யூனிவர்சிட்டிலேர்ந்து "நலமா" மெயில் வந்துச்சு, மூணு கேள்வி, நீ எப்படி இருக்க, எங்க இருக்க, வகுப்புக்கு வர முடியுமா. எங்க லேப் லிஸ்ட்டும் வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் லிஸ்ட்டும் நான்தான் பாக்கணும். அஞ்சு மணிக்கெல்லாம் பாதிப் பேர் பதில் போட்டு பச்சை. அஞ்சரைக்கு ஒரே ஒரு பேர் மட்டும் சாம்பல் கலர்ல. வேற யாரு, தம்பிதான். நாலு தடவை ஃபோன் அடிச்சேன், எடுக்கல.

7.15-க்கு செமினார் ரூம் டிவில வானிலை ஆய்வு மையத்து ஆளுங்க வரிசையா உக்காந்து பேசுனாங்க. ஜப்பானுக்குத் தெக்க கடலடில இருக்குற நான்காய் பள்ளத்துல பெரிய நிலநடுக்கம் வர்ற வாய்ப்பு வழக்கத்த விட கூடியிருக்காம், ஒரு வாரத்துக்கு உஷாரா இருங்கன்னு. 2019-ல இந்த ஏற்பாடு ஆரம்பிச்சதுலேர்ந்து இதுதான் முதல் தடவை. ரூம்ல ஒருத்தரும் பேசல. சென்செய் (எங்க ப்ரொஃபசர்) மட்டும் எழுந்து போய் ஹெல்மெட் பெட்டிய தொறந்து எண்ணிட்டு வந்தாரு.

தம்பி 8.10-க்கு. "அக்கா டான்ஸ் ப்ராக்டிஸ்ல இருந்தேன், ஃபோன் பைக்குள்ள." ஒரு வார்த்தை திட்டல நான். அதான் ஆச்சரியம்.

ராத்திரி. கட்டிலுக்கு கீழ ஷூ வச்சாச்சு. கண்ணாடி ஒடஞ்சா வெறுங்காலோட ஒரு அடி வைக்க முடியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

1437-ல 6.

1904-லேர்ந்து 2014 வரைக்கும் உலகம் முழுக்க 7-க்கு மேல வந்த நிலநடுக்கம் 1437, அதுல ஒரு வாரத்துக்குள்ள பக்கத்துலயே 8 ரேஞ்சுல பெருசு வந்தது 6. அதத்தான் டிவில "சில நூறுல ஒண்ணு"ன்னு சொல்றாங்க. வகுத்துப் பாத்தா கிட்டத்தட்ட 240-ல ஒண்ணு. இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? 240-ல ஒண்ணுன்னா லாட்டரி வாங்க மாட்டேன். ஆனா 240 விமானத்துல ஒண்ணு விழும்னு சொன்னா ஏறுவேனா? அதே நம்பர்தான். 2011-லயும் மார்ச் 9-ம் தேதி 7.3 வந்துருக்கு, இதுதான் வரவேண்டியது வந்துருச்சு போலன்னு விட்டுட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சு 9.0.

பிரைம் மினிஸ்டர் கிஷிதா மத்திய ஆசியா பயணத்த கேன்சல் பண்ணிட்டாராம். அம்மா ஊர்லேர்ந்து இங்க வர்ற டிக்கெட் 18-ம் தேதி.

கடைல தண்ணி இல்ல. ரெண்டு லிட்டர் பாட்டில் இருந்த ஷெல்ஃபே வெறும் பலகை. அரிசியும் இல்ல, அது முன்னாடியே இந்த வருஷம் தட்டுப்பாடு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர், குறைஞ்சது மூணு நாளுக்கு, முடிஞ்சா ஒரு வாரத்துக்குங்கறாங்க. குழாய்த் தண்ணியத்தான் பிடிச்சு தேதி எழுதி வச்சேன். தண்ணி லாரி வர்ற நாள்ல குடம் குடமா பிடிச்சு அடுக்குற ஊர்லேர்ந்து வந்தவளுக்கு இதெல்லாம் சொல்லித்தரணுமா.

ராத்திரி எட்டு மணி இருக்கும், கனகாவா பக்கம் 5.3. டோக்கியோ ஃப்ரெண்டு ஃபோன் அலறுச்சுன்னு அழுதுக்கிட்டே கூப்பிட்டா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்றாங்க. சரி.

ஆகஸ்ட் 10, சனி

செயின் கேட்டு மெயில் போட்டேன். ஒபோன் (முன்னோருக்குப் படைக்குற பண்டிகை) லீவு, சப்ளையர் 19-ம் தேதிதான் தொறப்பாங்களாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

டவுன்ல யொசகோய் டான்ஸ் திருவிழா. நிறுத்தல, நடத்துறாங்க. எங்க பசங்க டீம்ல தம்பியும் ஆடுறான். போகக்கூடாதுன்னு சொன்னேன், "அக்கா, ஊரே அங்கதான் இருக்கு, நான் மட்டும் ரூம்ல ஒளிஞ்சா என்ன ஆகப்போகுது"ன்னான். பதில் சொல்ல முடியல. கடைசில நானும் போனேன், அவன வேவு பாக்கத்தான். கையில மரக்கட்டைய சடசடன்னு தட்டிக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க ஆடுறாங்க, ஓரத்துல கெழவிங்க விசிறியோட. நான் ஆட்டத்த பாக்காம சுத்தி இருக்குற கட்டடத்துல எது உசரம், எதுக்கு வெளிப்பக்கமா படி இருக்குன்னு பாத்துட்டு நின்னேன். இந்த டவுன் பாதி தாழ்வான எடம், 1946-ல நிலமே கீழ எறங்கி தண்ணி நாள்கணக்கா வடியாம நின்ன ஊரு. பெருசு வந்தா சில ஊருக்கு சுனாமி வர நிமிஷக்கணக்குதான். குரோஷியோன்னு ஒரு ஊருக்கு அலை 34 மீட்டர்னு கணக்கு போட்டு வச்சுருக்காங்க, பத்து மாடிக்கு மேல. அந்த நம்பர் வந்தப்போ வயசானவங்க நெறய பேர் "அப்போ ஓடி என்ன பிரயோஜனம்"னு உக்காந்துட்டாங்களாம், அப்புறம் வீடு வீடா போய்ப் பேசி, ஒவ்வொருத்தருக்கும் எந்த வழில எங்க போகணும்னு எழுதி வச்சு, டவர் கட்டி, திரும்ப எழுப்பிருக்காங்க.

பத்து மணிக்கு தம்பிய கையோட கூட்டிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டான். ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

லீவு. லேப்ல யாரும் இல்ல. நைட்ரஜன் சிலிண்டர் அப்படியே நிக்குது. என்னவிட கொஞ்சம்தான் குள்ளம், அம்பது கிலோவுக்கு மேல இருக்கும். ஒரே செயின்னா மேல பிடிச்சுருக்கும், அடி நழுவி செயினுக்கு கீழ வழுக்கிட்டு வந்து விழும், அதுக்குத்தான் ரெண்டு. விழுந்து வால்வு ஒடஞ்சா சிலிண்டர் ராக்கெட் மாதிரி கிளம்பிரும், சேஃப்டி கிளாஸ்ல வீடியோ போட்டுக் காமிச்சாங்க, சுவத்த பேத்துக்கிட்டுப் போகுது.

யாரும் யூஸ் பண்ணலங்கறதால ரெகுலேட்டர கழட்டி மூடி போட்டுட்டேன். இது முன்னாடியே தோணிருக்கலாம்.

காரிடார்ல பழைய ஃப்ரீசர் ஒண்ணு நாலு வருஷமா கெடக்கு, யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. அது சாஞ்சா கதவு தொறக்காது. ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் அதுமேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போவாங்க, ஸ்டிக்கர் மட்டும் கூடிக்கிட்டே போகுது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தூங்கல. ஜப்பானோட வடகிழக்குல இருந்த ஓகாவா ஆரம்பப் பள்ளி பத்தி படிச்சுக்கிட்டே இருந்தேன், படிச்சுருக்கக் கூடாது. 2011. நிலநடுக்கம் முடிஞ்சு பிள்ளைங்க எல்லாரையும் கிரவுண்டுல வரிசையா நிக்க வச்சு, எங்க போறதுன்னு பெரியவங்க பேசிக்கிட்டே இருந்துருக்காங்க, கிட்டத்தட்ட அம்பது நிமிஷம். பின்னாடியே மலை. சுனாமி வந்து போனது 74 பிள்ளைங்க, 10 டீச்சருங்க. அந்த டீச்சருங்களும் கூடவேதான் போனாங்க, அவங்கள என்ன சொல்றது. பெத்தவங்க கேஸ் போட்டு 2019-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க. அந்த அம்பது நிமிஷத்த மட்டும் கோர்ட் பாக்கல, அதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க போகணும்னு தெளிவா எழுதி வச்சுருக்கணும், வைக்காம விட்டதுதான் தப்புன்னு சொன்னாங்க.

எழுந்து எங்க லேப் கையேட்ட எடுத்துப் பாத்தேன். மொதல்ல கிரவுண்டு, ஆள் எண்ணணும், வீட்டுக்குப் போக முடியலன்னா ஜிம்னாசியம். கிளம்பும்போது பிரேக்கர இறக்கணும், போன கரண்ட் திரும்ப வரும்போதுதான் தீ பிடிக்கும். எல்லாம் இருக்கு. ஜப்பானிய மொழில இருக்கு. போன ஏப்ரல்ல வந்த பங்களாதேஷ் பொண்ணுக்கு ஹிரகானா, அவங்களோட அடிப்படை எழுத்தே தட்டுத் தடுமாறித்தான் வரும். உக்காந்து இங்கிலீஷ்ல மாத்திட்டேன், ரெண்டு பக்கம், படம் போட்டு. விடிஞ்சிருச்சு.

சாயங்காலம்: அல்ஃபா ரைஸ் (வேக வச்சு காய வச்ச அவசர அரிசி) டெஸ்ட் பண்ணியாச்சு. பச்சத்தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம். பருப்புப்பொடி போட்டா சுமார். எல்லாரும் அவசரப் பையில பிஸ்கட் வைக்குறாங்க, நான் பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் வச்சுருக்கேன்.

ஆகஸ்ட் 14, புதன்

டிக்கெட் மாத்தணும்னா இன்னிக்குதான் கடைசி. அம்மாகிட்ட இதுவரைக்கும் பட்டும் படாமதான் சொல்லிருந்தேன். ஆனா மாமா யூடியூப்ல பாத்துட்டு "ஜப்பான் மூழ்கப்போகுது"ன்னு குரூப்ல போட்டுட்டாரு. சரின்னு உக்காந்து முழுசா சொன்னேன், 1437, 6, 240, ஒரு வாரம், நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்கு முடியுது, முடிஞ்சாலும் வராதுன்னு அர்த்தம் இல்ல, 1854-ல 32 மணி நேர இடைவெளில ரெண்டு வந்துச்சு, அடுத்த தடவை 1944-லயும் 1946-லயும், ரெண்டு வருஷ இடைவெளி, அதனால வாரம்ங்கறதே மனுஷன் எவ்வளவு நாள் பயந்துக்கிட்டு இருக்க முடியும்னு பாத்து வச்ச கணக்குதான், எல்லாம்.

அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "சைரன் அடிப்பாங்களா?"

அடிப்பாங்கம்மா, ஃபோனே கத்தும்.

"ஓடுறதுக்கு எடம் இருக்குதா?"

நாங்க இருக்குறதே மேடுதான்.

"அப்புறம் என்னாடி. நமக்கு அன்னிக்கு ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. ஒரு நாதி சொல்லல."

2004 டிசம்பர் 26, அரையாண்டு லீவு, ஞாயித்துக்கிழமை. சுமத்ராவுல ஆடுனது நம்ம நேரத்துக்கு காலைல ஆறரை. எங்க கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு தண்ணி வந்தப்போ எட்டரை தாண்டிருச்சு. அந்த நேரம் பூரா ஊர் இட்லி சுட்டுக்கிட்டும் வலை காயப்போட்டுக்கிட்டும் இருந்துச்சு. அம்மா மீன் வாங்கப் போனவங்க. கடல் உள்வாங்குதுன்னு எல்லாரும் வேடிக்கை பாக்கப் போனாங்களாம், அம்மா போகல, காரணம் மீன்காரம்மா பாக்கி சில்லறை தரல, அதுக்கு நின்னுட்டு இருந்தாங்க. ஹைதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-லதான்.

அன்னிலேர்ந்து எங்க வீட்டு வாசல் ஆணில ஒரு மஞ்சப்பை தொங்கும். ரேஷன் கார்டு, பத்திரம், எங்க மார்க் ஷீட்டு, எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி. காலேஜ் படிக்கும்போது ஃப்ரெண்ட்ஸ் வந்தா எனக்கு வெக்கமா இருக்கும், கழட்டி உள்ள வைப்பேன், சாயந்தரம் பாத்தா திரும்ப ஆணில இருக்கும்.

டிக்கெட் மாத்தல.

ஆகஸ்ட் 15, வியாழன்

சாயங்காலம் 5.00. டிவில மந்திரி வந்து தனி உஷார் நிலை முடிஞ்சுதுன்னாரு, வழக்கமான தயார் நிலைல தொடர்ந்து இருங்கன்னாரு. மெதுவா ஓடிட்டு இருந்த ஷின்கான்சென் புல்லட் ரயில் திரும்ப வேகமாப் போகுமாம். ஷிராஹாமாவுல கடற்கரைய மூடி வச்சதுல சீசனே போச்சுன்னு ஹோட்டல்காரர் புலம்புனாரு. பாவம்தான். அவருக்கு யாரு பதில் சொல்வா, வந்திருந்தா மூடுனது சரி, வரலன்னா மூடுனது தப்பா?

5.01-க்கு எல்லாம் ஒண்ணும் மாறல. தம்பி "அக்கா ஃப்ரீயா விடுங்க, முடிஞ்சிருச்சு"ன்னு ஸ்டிக்கர் அனுப்புறான். 5.01-ல அந்தப் பள்ளம் 4.59-ல இருந்த மாதிரியேதான் இருக்கும். கோவமா வருது, யார் மேலன்னு தெரியல.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஹோம் சென்டர்ல லாரில மூட்டை கட்டுற பெல்ட் வாங்கிட்டு வந்து சிலிண்டருக்கு அடியில கட்டிட்டேன், செயின் வர்ற வரைக்கும். சென்செய் பாத்துட்டு இழுத்துப் பாத்தாரு. ம்ம்னாரு.

டோக்கியோ பக்கம் 7-ம் நம்பர் புயல், நகோயா வரைக்கும் ஷின்கான்சென் முழுநாளும் நிறுத்தம். அம்மா ஒசாகா பக்கத்து கன்சாய் ஏர்போர்ட்லதான் எறங்குறாங்க, தப்பிச்சேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அம்மா வந்தாச்சு. பாங்காக்ல வழி கேட்டு ஒரு திருநெல்வேலி குடும்பத்தையே கூட்டு சேத்துருக்காங்க. பஸ்ல அஞ்சு மணி நேரமும் பேச்சு. ரூமுக்குள்ள வந்ததும் கட்டிலுக்கு அடியில ஷூ கெடக்குறதப் பாத்து "எவடி வூட்டுக்குள்ள செருப்ப வச்சது"ன்னு எடுத்து வெளிய போட்டாச்சு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

செயின் வந்துருச்சு. அளவு தப்பு.

ஆகஸ்ட் 28, புதன்

10-ம் நம்பர் புயல். ரொம்ப மெதுவாத்தான் வருது, ககோஷிமாவுக்கு சிறப்பு எச்சரிக்கை, இங்க மழை இன்னும் மூணு நாளாவது இருக்கும்ங்கறாங்க. யூனிவர்சிட்டி மெயில் வந்தாச்சு, நாளைக்கு லீவு. இந்தத் தடவை கீழ இங்கிலீஷும் இருக்கு, மெஷின் இங்கிலீஷ்தான், இருந்தாலும் இருக்கு. தம்பி எங்க ரூமுக்கே வந்துட்டான், அம்மா வத்தக்கொழம்பு வைக்குறாங்கன்னு. பேர் பேரா கேட்டு லிஸ்ட்ட முடிச்சேன், ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, பங்களாதேஷ் பொண்ணு, லேப்ல இருக்கேன், ஃப்ரீசர யாரோ தூக்கிட்டுப் போறாங்க, நான் கையெழுத்து போடலாமான்னு கேக்குறா. போடு போடுன்னேன்