லண்டனில் ஒரு பெண்கள் காப்பகத்தின் அறங்காவலரானேன்

குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறும் தெற்காசியப் பெண்களுக்காக லண்டனில் இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் அறங்காவலர் குழுவில் சேர்ந்திருக்கிறேன். அதன் பெயரையோ அது இருக்கும் பகுதியையோ எழுதப்போவதில்லை. சேர விரும்பும் தமிழர்கள் சிலர் வழிமுறையைக் கேட்டார்கள், அவர்களுக்காகத்தான் இது.

இந்தப் பொறுப்புக்குச் சம்பளம் கிடையாது, பஸ் செலவை மட்டும் திரும்பப் பெறலாம். ஆனால் சட்டத்தின் முன் நிறுவனத்தை நடத்துபவர்கள் நாங்கள்தான். பணம் வீணானாலும், ஒரு பெண்ணின் விவரம் வெளியே கசிந்தாலும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அறங்காவலர்களே.

விண்ணப்பிப்பதற்கு முன் கணக்கைப் படித்துவிடுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் நிறுவனங்களின் வரவு செலவை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நிதியாண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் ஆண்டறிக்கை போய்ச் சேர வேண்டும். தாமதமானால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். கணக்கைக் காலத்தில் கொடுக்காத குழுவில் சேர்வதற்கு முன் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நேர்காணலை நடத்தியவர் குழுத் தலைவி. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தாதி. என் படிப்பு, வேலை பற்றியெல்லாம் அதிகம் கேட்கவில்லை. “கோயிலில் ஒருவர் வந்து, என் மனைவியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள், தங்கச்சி?” என்றார்.

“எனக்குத் தெரியாது என்பேன், அக்கா.”

“அது பொய்யாக இருக்கக்கூடாது. உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதபடிதான் இங்கே எல்லாம் நடக்கிறது.”

இந்தக் குழுவின் வேலை என்னவென்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நம் சமூகத்தில் கணவன் மனைவி பிரச்சினை என்றால் பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து சமரசம் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தோடு இந்தக் குழுவுக்கு வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வன்முறை செய்தவனுக்கு அவள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் உயிரே போகலாம். யாரைச் சேர்ப்பது, யாருக்கு என்ன உதவி என்பதெல்லாம் பயிற்சி பெற்ற ஊழியர்களின் வேலை. அவர்கள் அதைப் பத்திரமாகச் செய்ய ஆளும் பணமும் விதிகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை.

பிறகு காகித வேலைகள். அடையாள ஆவணம், இரண்டு பரிந்துரைகள், குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. திவாலாகி அதிலிருந்து விடுபடாதவர், மோசடி போன்ற நேர்மையின்மைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று, அது சட்டப்படி இன்னும் காலாவதியாகாதவர் போன்றோர் அறங்காவலராக முடியாது. அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அறங்காவலர்களின் பெயர்கள் பொதுப் பதிவேட்டில் வெளியாகும். அதனால் ஒருவருக்கு ஆபத்து நேரக்கூடும் என்றால், காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம். எங்கள் குழுவிலேயே அப்படி விலக்குப் பெற்ற ஒருவர் இருக்கிறார். ஒருகாலத்தில் தானும் இரவோடிரவாக வீட்டை விட்டு வெளியேறியவர். அவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை.

முதல் கூட்டத்துக்கு முன் வந்த அறிக்கையில் ஒரு பெயர்கூட இல்லை. மொழிவாரியாக எத்தனை பேர் உதவி கேட்டார்கள் என்று ஓர் அட்டவணை இருந்தது. தமிழ் என்ற வரிசைக்கு நேரே எண் இல்லை, ‘5-க்குக் குறைவு’ என்று மட்டும் இருந்தது. மூன்று என்றோ நான்கு என்றோ எழுதினால், நம் சிறிய வட்டத்தில் யாரென்று ஊகித்துவிட முடியும். அந்தக் கட்டத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நீண்ட விவாதம் குழந்தைகளுக்கான ஊழியர் பற்றியது. 2021-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வன்முறையைக் கண்டும் கேட்டும் வளரும் குழந்தையையும் பாதிக்கப்பட்டவராகவே கருதுகிறது. அப்படியிருந்தும் நிதி குறையும்போது முதலில் ஆபத்துக்குள்ளாவது அந்தக் குழந்தைகளோடு இருக்கும் ஊழியரின் பதவிதான். இது எனக்கு ஆறவில்லை. அவருடைய சம்பளத்துக்கான மானியம் மார்ச்சோடு முடியவிருந்தது. கையிருப்பு நிதியிலிருந்து கொடுக்கலாம் என்றோம் சிலர். பொருளாளர் கணக்கை விரித்து வைத்தார். மூன்று மாதச் செலவுக்கான பணம் எப்போதும் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அது இல்லாமல் நிறுவனம் திடீரென மூடப்பட்டால், காப்பகத்தில் இருக்கும் பெண்களை வேறு பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும் வரைகூட வாடகை கட்ட முடியாது என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. செப்டம்பர் வரை கையிருப்பிலிருந்து சம்பளம் கொடுப்பது, அதற்குள் மாற்று நிதி தேடுவது, விதியை மீறுவதற்கான காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதுவது என்று முடிவாயிற்று. பொருளாளர் தம் மறுப்பையும் அதில் பதிவு செய்யச் சொன்னார். செய்தோம்.

பொருளாளரின் பதவிக்காலம் வரும் ஆண்டுக் கூட்டத்தோடு முடிகிறது. இப்படிப்பட்ட பல சிறிய குழுக்கள் கணக்குத் தெரிந்தவர்களைத்தான் தேடுகின்றன. உங்களுக்குக் கணக்கு வரும் என்றால், மாலை நேரங்களில் சிலவற்றை ஒதுக்க முடியும் என்றால், உங்கள் பகுதியில் இயங்கும் பெண்கள் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். சேர்வதற்கு முன் ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.