ஜூரி சம்மனும் அப்பா சொன்ன வாய்தாவும்

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், நான் இருக்கும் கலிஃபோர்னியாவில், கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் ஜூரி பணிக்கு ஆஜராகவில்லை, உடனே தொடர்புகொள்ளவும், தவறினால் அபராதம் விதிக்கப்படலாம் என்று இருந்தது. ஜூரி என்றால், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல கோர்ட் உட்கார வைக்கும் பொதுமக்கள் குழு. எனக்குச் சம்மன் வந்ததாகவே நினைவில்லை. கராஜில் கிடந்த தபால் பையைக் கொட்டித் தேடினால், பீட்சா கூப்பன்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஜூன் கடைசி வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். அப்போது நான் தம்பி கல்யாணத்துக்காகத் திருநெல்வேலியில் இருந்தேன். ஐந்து வாரப் பயணம். தபால் நிலையத்தில் 30 நாள் வரைதான் தபாலைப் பிடித்து வைப்பார்கள் என்பதால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தோம். அவர்கள் ஒழுங்காக எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்க்காதது நான்தான்.

கலிஃபோர்னியாவில் சிவில் நடைமுறைச் சட்டம் 209-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. வராதவர்களுக்கு முதல் தடவை 250 டாலர் வரை, இரண்டாம் தடவை 750, அதற்கு மேல் 1,500 வரை அபராதம் போடலாம். கோர்ட் அவமதிப்பாக எடுத்துக்கொண்டால் சிறைகூட உண்டு. இதை ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கக் கூடாது. நான் படித்தேன். அபராதம் போடுவதற்கு முன்னால் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சிறை என்ற சொல்லைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

அடுத்த நாள் அலுவலக நண்பர் ஒருவர், "விடுங்க, ரிஜிஸ்டர்டு தபால்லயா வந்துச்சு? கிடைக்கலைன்னு சொல்லிடலாம்" என்றார். இன்னொருவர், ஆங்கிலம் புரியாது என்று எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். பதினைந்து வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்துவிட்டு, பொய் சொன்னால் தண்டனை என்று அச்சடித்த படிவத்தில் அப்படிக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் இல்லை.

ஊரில் அப்பா சப்-கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் போன் போட்டேன். "ஏம்மா, பிடிவாரண்டா போட்டுட்டாங்க? நோட்டீஸ்தானே. போய் வாய்தா கேளு. வாய்தா கேக்கிறவன் மேல எந்தக் கோர்ட்டுக்கும் கோபம் வராது. சத்தமே காட்டாம இருக்கிறவன் மேலதான் வரும்" என்றார். அப்புறம், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கை ஆரம்பித்துவிட்டார். 1959-ல் பம்பாயில் ஜூரிகள் 8-க்கு 1 என்று குற்றமில்லை என்றார்களாம், ஹைகோர்ட் ஏற்கவில்லையாம். "நம்ம நாட்டுல அதெல்லாம் எடுத்தாச்சு, அங்க இன்னும் வெச்சிருக்கான் பாரு" என்று ஒரே ஆச்சரியம் அவருக்கு.

திங்கட்கிழமை காலை கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட் எல்லாம் பிரிண்ட் எடுத்து மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். எதிர்முனையில் இருந்த அம்மாள், சம்மனில் இருக்கும் என் ஜூரர் எண்ணைக் கேட்டார். வெளிநாட்டில் இருந்தேன், தபாலைப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது என்றேன். "சரி, அக்டோபரில் எந்த வாரம் வசதி?" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அபராதம் இல்லை. பிரிண்ட்டுகளை யாரும் கேட்கவில்லை. புதுத் தேதியை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்டேன், சம்மன் மறுபடி தபாலில் வந்தது.

நடுவில் ஒரு கூத்து. செப்டம்பரில் ஒருவன் போனில் அழைத்து, ஷெரிஃப் அலுவலகம் என்றான். ஜூரி பணிக்கு வராததால் உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, இப்போதே பணம் கட்டினால் ரத்தாகும், லைனைத் துண்டிக்காமல் கடைக்குப் போய் கிஃப்ட் கார்டு வாங்குங்கள் என்றான். நிஜமாகவே தவறவிட்டவள் என்பதால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜூரர் எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். குரலை உயர்த்தினானே தவிர எண் வரவில்லை. வைத்துவிட்டேன். பலருக்கும் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்கிற மோசடி இது. கோர்ட் போனில் பணம் கேட்காது, கிஃப்ட் கார்டில் நிச்சயமாகக் கேட்காது.

அக்டோபரில் அந்த வாரம் முழுக்கத் தினமும் மாலை ஐந்து மணிக்கு மேல் என் குழு எண்ணை இணையத்தில் பார்க்க வேண்டியிருந்தது. திங்கள், செவ்வாய் தேவையில்லை என்று வந்தது. புதன் போனேன். பெரிய கூடம், காபி மெஷின், அவரவர் லேப்டாப். மதியம் ஒரு கிரிமினல் வழக்குக்குக் கூப்பிட்டு 9-வது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வீட்டில் போலீஸ்காரர் யாராவது உண்டா, ஏதாவது குற்றத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று நீதிபதி நிதானமாகக் கேட்டார். பிறகு ஒரு வக்கீல் எழுந்து, காரணம் எதுவும் சொல்லாமல், 9-ம் எண் ஜூரருக்கு நன்றி, போகலாம் என்றார். அப்படி அனுப்ப இரண்டு தரப்புக்கும் உரிமை உண்டு. முதல் நாளுக்குப் படி கிடையாது, இரண்டாம் நாளிலிருந்துதான் நாளுக்கு 15 டாலர். என் கம்பெனி சம்பளத்தைப் பிடிக்கவில்லை. எல்லாக் கம்பெனியும் அப்படியில்லை, ஆனால் ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு எடுக்க இங்கே சட்டம் இடம் தராது.

கிரீன் கார்டிலோ எச்1பி விசாவிலோ இருப்பவர்களுக்கும் இந்தச் சம்மன் வந்துவிடுவது உண்டு, ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால். குடியுரிமை இல்லாதவர்கள் ஜூரியில் உட்கார முடியாது. அதற்காகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நான் குடிமகன் இல்லை என்ற கட்டத்தை நிரப்பி அனுப்பிவிடுங்கள். தெரியாமல்கூடக் குடிமகன் என்று டிக் போட்டுவிடாதீர்கள், பின்னால் குடியேற்ற விண்ணப்பத்தில் அது வேறு பெரிய தலைவலியாகிவிடும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குப் பேசினேன். "என்னம்மா தீர்ப்பு?" என்றார். அனுப்பிவிட்டார்கள் என்றேன். "அடடா, ரெண்டு நாளாவது உக்கார வெச்சிருக்கலாம்" என்றார், அவருக்கே வேலை போன மாதிரி.