சஸ்குவஹானா ஆற்றில் பாஸ் பிடித்த பத்து வருடம்

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ராக்வில் பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று ஏழு பாஸ் மீன் பிடித்தேன். அதில் ஐந்து மீன் உள்ளங்கை நீளம்தான். ஆரம்பத்தில் இருந்த நானாக இருந்தால் அந்த ஐந்தையும் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டேன். இப்போது நோட்டில் முதலில் எழுதியதே அவற்றைத்தான். அந்த மாற்றம் எப்படி வந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

வேலைக்காக 2014-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் பக்கம் குடிவந்தேன். பிறந்து வளர்ந்தது மன்னார்குடி பக்கம். மூங்கில் கம்பு, தங்கூசி, தக்கை, மண்புழு, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தூண்டில். அடுத்த வருடம் உரிமம் வாங்கிக்கொண்டு சஸ்குவஹானாவில் இறங்கியபோதும் அதே முறையைத்தான் முயன்றேன். ஹாரிஸ்பர்க்கில் இந்த ஆறு ஏறத்தாழ ஒரு மைல் அகலம். ஆனால் கோடையில் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. பாறை வரிசைகள் வரப்பு மாதிரி குறுக்கே ஓடும். தக்கையைப் போட்டால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். முதல் கோடை முழுக்கச் சின்னக் கெளுத்திகளும் பாறையில் மாட்டி அறுந்த முள்களும்தான் மிச்சம்.

இங்கே உள்ளவர்கள் தேடிப் போவது ஸ்மால்மவுத் பாஸை. வெண்கல நிற உடம்பு, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள், சிவந்த கண். லார்ஜ்மவுத் பாஸின் வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும்; இதற்குப் போகாது, அதனால்தான் அந்தப் பெயர். முள் பட்டதும் தண்ணீரை விட்டு மேலே எகிறித் தலையை உதறும். ஒன்றரைக் கிலோ மீன் கம்பை வளைக்கிற வளைப்பைப் பார்த்தால் ஐந்து கிலோ என்று தோன்றும்.

2016 ஜூலையில் பதினேழு அங்குல மீன் ஒன்று கிடைத்தது. ஃபோர்ட் ஹன்டர் படகுத்துறையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த ஆற்றில் மீன்பிடித்தவர். நல்ல மீன் என்று சொல்லிவிட்டு, "சின்னது ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்தக் கேள்வியின் பின்கதை அடுத்த வருடம்தான் புரிந்தது. 2005 கோடையில் ஒரு விரல் நீளக் குஞ்சுகள் உடம்பில் வெள்ளைப் புண்ணோடு ஆற்றோரம் செத்து மிதந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். சஸ்குவஹானாவிலும், டன்கன்னன் அருகே அதில் வந்து சேரும் ஜுனியாட்டாவிலும் அந்த வருடம் தொடங்கியது அது. ஃப்ளேவோபாக்டீரியம் என்ற பாக்டீரியா, அப்புறம் லார்ஜ்மவுத் பாஸ் வைரஸ் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஆண் மீன்களின் விந்தகத்தில் முட்டைச் செல்கள் இருந்ததும் தெரியவந்தது. 2015 இறுதியில் மாநிலத்தின் மீன்வளத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, நோய்க்கிருமிகளையும், ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனங்களையும் களைக்கொல்லிகளையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. ஒரே குற்றவாளி என்று யாரையும் கைகாட்ட முடியவில்லை.

குஞ்சு சாகும்போது பெரிய மீன் சாகவில்லை என்பதுதான் இதில் மனதை அறுக்கிற விஷயம். எண்ணிக்கை குறையக் குறைய, மாட்டுகிற மீன் எல்லாம் பெரிதாக இருக்கும். புதிதாக வந்த என்னைப் போன்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு, என்ன அருமையான ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பேரப்பிள்ளைகள் இல்லாத ஊரைப் பார்ப்பது போல இருந்தது என்றார் பெரியவர். அவருடைய பழைய நாட்களில் ஒரே பகலில் நூறு பாஸ் என்பது பெருமை பேசும் விஷயமே இல்லையாம். கல்லைப் புரட்டி ஹெல்கிராமைட் என்ற கறுப்புப் பூச்சிப் புழுவைப் பிடித்து முள்ளில் கோத்து வீசுவார்களாம். நல்லதைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம்.

2011-12 வாக்கில் விதிகள் இறுகின. இந்தப் பகுதியில் பாஸைப் பிடித்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். மே முதல் தேதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை அதைக் குறிவைத்துத் தூண்டில் போடவே கூடாது என்றும் அப்போது விதி வந்தது. சமைக்க முடியாத மீனை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று ஊரிலிருந்து அம்மா கேட்டார். முதலில் எனக்கும் பதில் தெரியவில்லை.

ஒரு ஜூன் மாதம் பாறையிடுக்கில் நேரில் பார்த்த பிறகு புரிந்தது. மீன் பிடிக்கப் போகவில்லை, சும்மா கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போனேன். சரளைக்கல்லை வாலால் விசிறி வட்டமாகச் சுத்தம் செய்த ஒரு குழி. அதன் மேல் மையைத் தெளித்த மாதிரி கறுப்புக் குஞ்சுகள். சுற்றிச் சுற்றி ஒரு ஆண் பாஸ். கயாக் நிழல் விழுந்ததும் ஓடாமல் எதிர்த்து வந்து நின்றது. எங்கள் ஊர்க் குளத்தில் விரால் இப்படித்தான் நிற்கும். செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளிக்கும். அதன் நடுவில் தவளையைக் கட்டி இறக்கினால் தாய் விரால் பாய்ந்து அடிக்கும். பத்து வயதில் அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்திருக்கிறேன். மீதிக் குஞ்சுகள் என்னவாயின என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று கயாக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டு வெகுதூரம் வந்துவிட்டேன்.

சரி, பிடிக்கும் முறைக்கு வருகிறேன். எனக்குக் கைகொடுத்தது ட்யூப் என்கிற ரப்பர் இரை. பாசிப் பச்சை நிறம், மூன்றரை அங்குலம், உள்ளே எட்டில் ஒரு அவுன்ஸ் ஈயம். க்ரேஃபிஷ் என்று ஒன்று, சிங்கி இறாலின் குட்டி மாதிரி இருக்கும். கற்களுக்கிடையே பின்பக்கமாகத் துள்ளி ஓடும். ட்யூப் அதைத்தான் நடிக்க வேண்டும். நீரோட்டத்துக்கு மேல்பக்கம் வீசி, தூண்டில் நரம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஈயம் கல்லைத் தட்டுவதை விரலில் உணர வேண்டும். டிக், டிக், டிக். திடீரென்று அந்தத் தட்டல் நின்று, ஈரத்துணி மாட்டியது போல ஒரு கனம் தெரியும். அதுதான் மீன். ஓங்கிச் சுண்டக் கூடாது, சுற்றிக்கொண்டே கம்பை உயர்த்தினால் போதும். இந்த வித்தியாசம் கைக்குப் பழக எனக்கு இரண்டு கோடை ஆனது. நின்ற இடத்திலேயே வீசிக்கொண்டிருந்ததை விட்டு, பாறை வரப்புக்குக் கீழே வேகநீரும் அமைதிநீரும் உரசும் கோட்டைத் தேடப் பழகியதும் மீன் தானாக வந்தது.

ஆற்றில் சற்றுக் கீழே மிடில்டவுனைச் சேர்ந்த பாப் க்ளவுசர் 1980-களில் இந்த மீனுக்காகவே மான் வால் முடியும் ஈயக் கண்ணும் வைத்துக் கட்டிய க்ளவுசர் மின்னோ என்ற செயற்கை இரை இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதை வீசுவதற்கான ஃப்ளை கம்பை இந்த வருடம்தான் தொட்டிருக்கிறேன். ஆகஸ்ட் அந்தியில் வெள்ளைப் பூச்சிகள் நம்மூர் ஈசல் மாதிரி ஆற்றிலிருந்து எழும்பும்போது அந்தக் கம்போடு நிற்க வேண்டும் என்று திட்டம்.

நோட்டில் 2017 முதல் எட்டு அங்குலத்துக்குக் கீழான மீன்களுக்குத் தனிப் பத்தி போட்டேன். 2018-இல் மழை கொட்டித் தீர்த்தது, ஆறு மாதக்கணக்கில் கலங்கியே ஓடியது. அந்த வருடக் குஞ்சுகள் பெரும்பாலும் தப்பவில்லை போல. அடுத்த இரண்டு மூன்று வருடம் என் நோட்டில் நடுத்தர மீன்களின் வரிசையில் ஒரு ஓட்டை தெரிகிறது. அதற்குப் பிறகு பத்தி நிரம்ப ஆரம்பித்தது. நோய்க்குறியோடு வரும் குஞ்சுகளும் அரிதாகிவிட்டன.

புதுக் கவலையும் உண்டு. ஃப்ளாட்ஹெட் என்ற ராட்சதக் கெளுத்தி 2002-இல் இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் முதலில் தென்பட்டது. இப்போது ஹாரிஸ்பர்க்கைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. அதைவிட என்னை உறுத்துவது வடக்கத்தி விரால். நம் விராலின் பங்காளி, கிழக்காசியாவிலிருந்து வந்தது. 2020-இல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள கோனோவிங்கோ அணையில், மீன்களை அணைக்கு மேலே தூக்கிவிடும் லிஃப்ட் வழியாக வந்துவிட்டது. பிடித்தால் திரும்ப விடாதீர்கள் என்று அறிவிப்பு இருக்கிறது. எனக்குப் பிடித்தமான மீன், இங்கே இருக்கக் கூடாத மீன். யோசித்துப் பார்த்தால் ஸ்மால்மவுத்தும் இந்த ஆற்றுக்கு 19-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டதுதான். ஆனாலும் விரால் ஒன்று என் தூண்டிலில் மாட்டினால் திரும்ப விடமாட்டேன், வீட்டில் குழம்பு வைப்பேன்.

பெரியவருக்கு முழங்கால் வலி, இப்போது ஆற்றில் இறங்குவதில்லை. சனிக்கிழமை கரையேறியபோது அதே நாற்காலியில் இருந்தார். கேள்வியும் அதேதான். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், நோட்டைப் பார்த்துப் படித்துச் சொன்னேன். அடுத்த வாரம் ஆற்று மட்டம் இன்னும் அரையடி இறங்கினால் டன்கன்னன் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கே இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு சரளை மேடு இருக்கிறதாம், அவருடைய காலத்தில் குஞ்சுகள் அங்கேதான் கூடுமாம்.