மட்டி ஓடு கிழித்த காலும் சைற்றோகைன் பாடமும்

உயர்தர வகுப்பில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு மட்டக்களப்பில் மருத்துவம் கற்கத் தொடங்கிய எனக்கு, நிர்ப்பீடனப் (நோயெதிர்ப்பு) பாடத்தில் பெருந்தொல்லை தந்தவை சைற்றோகைன்களே; உடற்கலங்கள் (செல்கள்) ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் சிறு புரதங்கள் அவை. நோயாளிக்குக் காய்ச்சலும் சீ.ஆர்.பி. (கிருமித்தொற்றின்போது குருதியில் கூடும் புரதம்) உயர்வும் ஏன் ஏற்பட்டன என்ற வினாவுக்கு, மனனம் செய்திருந்த 11 பெயர்களையும் வரிசையாக எழுதிவிட்டு வந்தேன். கிடைத்த புள்ளியைச் சொல்லாமல் விடுகிறேன்.

அந்த விடுமுறையில் கல்லடி வாவிக்கரையில் மாமாவோடு வலை இழுத்தபோது மட்டி ஓடொன்று குதிகாலைக் கிழித்தது. மறுநாள் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலித்தது; அழற்சி என்பது இதுதான். மூன்றாம் நாள் காய்ச்சல். படுத்திருந்தபடியே, நடந்ததை நேர வரிசையில் கொப்பியில் எழுதிப் பார்த்தேன்.

காயத்துள் புகுந்த பக்ரீரியாவை இனங்கண்ட மாக்குரோபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் கலங்கள்) டீ.என்.எஃப்., இன்ரலூக்கின்-1, இன்ரலூக்கின்-6 ஆகிய சைற்றோகைன்களைச் சுரக்கின்றன. டீ.என்.எஃப். குருதிக்கலன்களின் உட்சுவரைக் கசியவிட்டு, வெண்குழியங்கள் அங்கே ஒட்டவும் வழிசெய்கிறது. வீக்கம் அதனால் வருவது. இன்ரலூக்கின்-1, மூளையில் உடல்வெப்பத்தைச் சீராக்கும் பரிவகக்கீழில் புரொஸ்ரகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருள் உருவாகச் செய்து உடல்வெப்பத்தை உயர்த்துகிறது. (அம்மம்மா தந்த பரசிற்றமோல் குறைப்பது இந்தப் புரொஸ்ரகிளாண்டினைத்தான், சைற்றோகைனை அன்று.) இன்ரலூக்கின்-6 ஈரலைத் தூண்டிச் சீ.ஆர்.பி.யைச் சுரக்க வைக்கிறது. நான் கோட்டைவிட்ட விடை இவ்வளவுதான்.

ஆகவே பெயர்ப்பட்டியலை ஒதுக்கிவிட்டு, எந்தக் கலம் சுரக்கிறது, எங்கே செயற்படுகிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது என்று கேட்டுப் படியுங்கள். குதிகாலுக்குள் கிருமியை அடக்கும் அதே டீ.என்.எஃப். குருதியெங்கும் பெருகினால், கலன்கள் விரிந்து கசிந்து குருதியமுக்கம் வீழ்ந்துவிடும். உடற்பருமனுள்ளவரின் கொழுப்பிழையத்திலிருந்து சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் சுரந்தாலோ, இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். இன்ரலூக்கின்-6 இன்னும் குழப்படி: உடற்பயிற்சியின்போது தசையிலிருந்தும் அது வெளிவருகிறது, அப்போது அழற்சியைத் தணிக்கும் பக்கமே நிற்கிறது.

தணிக்கும் பக்கத்தைப் பலர் படிப்பதேயில்லை. அழற்சியைத் தணிக்கும் சைற்றோகைனான இன்ரலூக்கின்-10 இல்லாத எலிகளுக்குக் குடலில் நாட்பட்ட அழற்சி உண்டாவது 1993இல் காட்டப்பட்டது. கிருமி ஒழிந்தால் அழற்சி தானே அடங்கிவிடும் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய திருத்தம்.

மறுபரீட்சையில், மூட்டுவாத நோயாளிக்கு டீ.என்.எஃப். தடுப்பு மருந்து தொடங்குமுன் காசநோய் உண்டா என்று ஏன் பார்க்கவேண்டும் எனக் கேட்டிருந்தார்கள். உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி மாக்குரோபேஜ்கள் அமைத்த அரண் குலையாதிருக்க டீ.என்.எஃப். தேவை என்று எழுதி, பக்கத்தில் அந்த அரணின் படத்தையும் கீறினேன்.