வீட்டு முன்னறையிலிருந்து டிக்கெட் விற்பனை: கொழும்பில் ஓர் ஏஜென்சியைப் பிடித்த அனுபவம்

விமான டிக்கெட் விற்க மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும் என்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். டிக்கெட்டை நம் பொறுப்பில் வழங்க வேண்டுமானால் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவின் அங்கீகாரம் வேண்டும். அதற்கு நிதி உத்தரவாதம், கணக்கறிக்கை என்று பெரிய கைகளிடம் மட்டுமே இருப்பவற்றைக் கேட்பார்கள். திருகோணமலை உவர்மலையில் வீட்டு முன்னறையில் மேசை போட்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரே வழி, அங்கீகாரம் உள்ள ஒரு நிறுவனத்தின் கீழ் சப் ஏஜென்டாகச் சேர்வதுதான். அமெரிக்காவில் இப்படி நிழல் தரும் நிறுவனத்தை ஹோஸ்ட் ஏஜென்சி என்கிறார்கள். அங்கே சொகுசுக் கப்பல் பயணங்களுக்குக் கிடைக்கும் கமிஷனை எப்படிப் பங்கிடுவது என்பதே பெரிய பேச்சு. என்னிடம் வருகிறவர்களோ கிண்ணியா, மூதூரிலிருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குத் திரும்புகிறவர்கள், கோயிலுக்கும் வைத்தியத்துக்கும் திருச்சி, சென்னை போகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கக் கனடா போகும் அம்மாக்கள்.

இதற்கு முன் நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் முன்பதிவுப் பிரிவில் இருந்தேன். அந்தப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். வாடைக்காற்று தொடங்கினால் கடலும் கொந்தளிக்கும், சம்பளமும் ஆட்டம் காணும். மகன் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்று இதில் இறங்கினேன். வியாபாரப் பெயரைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் பதிந்துகொண்டேன். அந்த அலுவலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, காத்திருக்கும் பொறுமை இருந்தால் போதும்.

சிக்கல் ஏஜென்சியைத் தேடும்போதுதான் தொடங்கியது. முதலில் பேசிய நிறுவனம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கமிஷன் தருவதாகச் சொன்னது. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. விமான நிறுவனங்கள் முகவர்களுக்குத் தந்துவந்த அடிப்படைக் கமிஷனைப் பல காலமாகவே வெட்டி வருகின்றன. அமெரிக்காவில் டெல்டா 1995இல் அதற்கு உச்சவரம்பு வைத்தது, 2002இல் அடியோடு நிறுத்தியது. வராத காசிலிருந்து இவர்கள் எனக்கு எப்படிப் பங்கு தருவார்கள்? ஒரே நாள், ஒரே விமானம், ஒரே வகுப்பு என்று வைத்து அவர்களிடமும் இன்னொரு நிறுவனத்திடமும் நிகர விலை, அதாவது நான் அவர்களுக்குக் கட்ட வேண்டிய விலை, கேட்டேன். கூடுதல் கமிஷன் என்று சொன்ன தொகை ஏறக்குறைய அப்படியே அவர்களுடைய நிகர விலையில் ஏற்றப்பட்டிருந்தது. என் வாடிக்கையாளரின் பையிலிருந்து எடுத்து எனக்குத் தரும் தாராளம்!

அதன் பிறகு கமிஷனைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டேன். வெட்டிய, அதாவது வழங்கிய, டிக்கெட்டை அன்றே வொய்ட் செய்ய, அதாவது இல்லாமலாக்க, எத்தனை மணி வரை முடியும் என்று கேட்டேன். பொதுவாக, வெட்டிய அன்று நள்ளிரவுக்குள் வொய்ட் செய்தால் கட்டணம் முழுவதும் தப்பும். ஆனால் அலுவலகத்தை மாலை ஐந்து மணிக்கே பூட்டிவிடும் நிறுவனத்தில் நள்ளிரவு என்பது ஐந்து மணிதான். அடுத்தது ரீஃபண்ட்: விமான நிறுவனம் தந்த காசு எப்போது என் கணக்குக்கு வரும்? டெபிட் மெமோவைப் பற்றியும் கேட்டேன். கட்டணம் தவறாகப் போடப்பட்டிருந்தாலோ, ஒரே ஆளுக்கு இரட்டைப் பதிவு இருந்தாலோ விமான நிறுவனம் ஏஜென்சியிடமிருந்து காசைத் திருப்பிக் கேட்கும். பயணம் முடிந்து ஒன்பது மாதம் வரைகூட அந்த மெமோ வரலாம். வந்தால் யார் கட்டுவது? "அப்படியெல்லாம் வராது, தங்கச்சி" என்று சிரித்தவரை அத்தோடு விட்டுவிட்டேன்.

கடைசியில் சேர்ந்த இடம் பளபளப்பானதல்ல. அங்கே டிக்கெட் பகுதியைப் பார்க்கும் அக்கா, மெமோ வந்தால் பதிவைத் திறந்து, யார் கைபட்ட பிழையோ அவர் கட்டுவது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்தக் கடுமை பிடித்திருந்தது. அயாட்டா எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தச் சங்கத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்தேன். எட்டு இலக்க எண், தட்டினால் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தையும் கேட்டேன். கையெழுத்திடுவதற்கு முன் ஓர் இரவு பத்தரை மணிக்கு அவர்கள் தந்த அவசர எண்ணுக்கு வேண்டுமென்றே அழைத்தேன். ஒரு தம்பி தூக்கக் குரலில் எடுத்தார். எடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தத் தம்பியின் உதவி பிறகு உண்மையாகவே தேவைப்பட்டது. திருச்சிக்குப் போகும் ஒரு மாமா கடவுச்சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். டிக்கெட் வெட்டிய பிறகு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்து, "பிள்ளை, அது பழைய புத்தகம், புதியதில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது" என்றார். புதியதில் தகப்பன் பெயர் விரித்து எழுதப்பட்டிருந்தது. பத்து மணிக்குப் பிறகு வொய்ட் செய்து, நள்ளிரவுக்குள் புதிதாக வெட்டினோம். ஐந்து மணிக்கே பூட்டும் நிறுவனமாக இருந்தால் மாமா அபராதம் கட்டியிருப்பார்.

நம்மவர் பெயர்களில் தகப்பன் பெயர் ஒருவருக்கு முன்னால் வரும், இன்னொருவருக்குப் பின்னால் போகும், வேறொருவருக்கு வெறும் முதலெழுத்தாக நிற்கும். அதனால் வாயால் சொல்லும் பெயரை நான் பதிவதே இல்லை. கடவுச்சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு இயந்திர வரிகளைத்தான் பார்ப்பேன். மேல் வரியில் எல்.கே.ஏ. என்ற நாட்டுக் குறியீட்டுக்குப் பின் வருவது குடும்பப் பெயர். < என்ற கோணக் குறி இரண்டு அடுத்தடுத்து வருமிடத்தில் அது முடிந்து, மற்றப் பெயர்கள் தொடங்கும். விமான நிலையக் கணினி வாசிப்பதும் அந்த வரிகளைத்தான்.

யாழ்ப்பாணத்துப் பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமான பிறகு, கட்டுநாயக்கவுக்குப் பதிலாக அங்கிருந்து சென்னை போகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மலிவுக் கட்டண விமானங்களில் சில அமேடியஸ் போன்ற முன்பதிவுக் கணினிகளில் வருவதில்லை, தனி லாகின் வேண்டியிருக்கும். சேருவதற்கு முன் அந்த லாகின்கள் இருக்கின்றனவா என்றும் கேட்டுவிட வேண்டும்.

விலையில் ஒளிக்காமல் சேவைக் கட்டணத்தைத் தனியே பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். பேரம் பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் "மகள், டிக்கெட்டோடு மருமகனுக்கு ஒரு வேலையும் பார்த்துத் தர முடியுமா?" என்று கிண்ணியாவிலிருந்து யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுவேன். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். டிக்கெட் போடுகிறவருக்கு அந்த உரிமை இல்லை.

இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம். நான் விலகினால் ஓராண்டுக்கு இதே வாடிக்கையாளர்களுக்கு வேறு நிறுவனம் வழியாக டிக்கெட் போடக் கூடாது என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள், மீதி அயலவர்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாக அக்கா சொன்னார். பதில் வரும்வரை கையெழுத்திடப் போவதில்லை, டிக்கெட் வெட்ட அவர்களிடம் போட்டுவைக்கும் முற்பணக் கணக்கிலும் தேவைக்கு மேல் ஒரு ரூபாய் போடுவதில்லை.