"அண்ணா, நான்தான் அழிச்சிட்டன்"

கல்லடியில் ஒரு மாடி அறையில் ஏழு பேராக மென்பொருள் வேலை செய்கிறோம். போன கிழமை, சேர்ந்து மூன்று மாதமே ஆன தங்கச்சி ஒருவர், சோதனைத் தரவு என்று நினைத்து வாடிக்கையாளரின் உண்மையான தரவை அழித்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்து நின்றார். கை நடுங்கியது. "அண்ணா, நான்தான் அழிச்சிட்டன்."

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பக்கப், அதாவது தரவின் காப்புப் பிரதி. இரவு பன்னிரண்டுக்குப் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். பயந்து ஒளித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

பிளேன்ரீயோடு எல்லோரும் உட்கார்ந்தோம். சோதனைக்கும் உண்மைக்கும் ஏன் ஒரே கடவுச்சொல் என்பதுதான் பேச்சு. அப்படி வைத்தது நான். அதையும் சொன்னேன்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், நல்ல குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட காரணம். பள்ளியிலிருந்தே 'சேர்' என்று எழுந்து நின்று பழகிய நம் பிள்ளைகளுக்கு அது லேசில் வராது. அதனால்தான் முதல் நாளே 'அண்ணா' போதும் என்கிறேன்.

நேற்று அந்தத் தங்கச்சியே புதிய பக்கப் முறையை அமைத்து முடித்தார். இப்போது ஏழு நாள் தரவும் தனித்தனியாக இருக்கிறது.